பேருந்தில் பேண வேண்டிய பண்பு

நம் ஊர்ப் பேருந்துகளில் ஒரு விசில் ஒலித்தால் நிறுத்த வேண்டும்; இரண்டு விசில் ஒலித்தால் புறப்படலாம். பின்படியில் நிகழ்வன யாவும் ஓட்டுநருக்குத் தெரிவதில்லை. நடத்துநரின் குறிப்பை நம்பியே அவர் வண்டியைச் செலுத்துகிறார்.

அண்மையில் நாம் நகரப் பேருந்தின் பின்படியில் இறங்கிக்கொண்டிருந்தோம். முதுமையால் சற்றுத் தாமதமாயிற்று. முன்படியில் நின்ற ஒருவர், அனைவரும் இறங்கிவிட்டனர் என்றெண்ணி வண்டியின் தகரத்தை இருமுறை தட்டினார். பேருந்து நகர்ந்தது. கைப்பிடியைப் பற்றியிருந்தமையால் வீழாது தப்பினோம். உடனே வண்டியை நிறுத்திய ஓட்டுநரைக் கடுஞ்சொற்களால் கடிந்தோம். அவர் மறுமொழி கூறாது, நாம் தரையில் கால் ஊன்றும்வரை காத்திருந்தார். நடந்ததை நடத்துநர் விளக்கிய பின்னரே நம் பிழை புலனாயிற்று. வருந்துகிறோம் என்று கூறுமுன் பேருந்து சென்றுவிட்டது. பல்லாண்டுகள் மாணவர்க்குப் பொறுமையைக் கற்பித்த நாம் அன்று தலைகுனிந்தோம்.

ஆதலின் பிள்ளைகளுக்கு இவற்றைப் பழக்குவோம்: உரிய சில்லறையைக் கையில் வைத்திருத்தல், படியில் நில்லாது உள்ளே செல்லுதல், இறங்குமிடத்திற்கு முன்பே எழுந்து ஆயத்தமாதல், வண்டியைத் தட்டாது, குறிப்புக் கொடுக்கும் பொறுப்பை நடத்துநரிடமே விடுதல், ஓடும் வண்டியில் ஓட்டுநரிடம் பேச்சுக் கொடாதிருத்தல்.

பண்பு இருபாலும் வேண்டும். 2021 மே மாதம் தமிழக அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் வழங்கப்பட்டது. கட்டணம் செலுத்தினும் செலுத்தாவிடினும் பயணியின் மதிப்பு ஒன்றே. மூதாட்டி ஒருத்தி நிறுத்தத்தில் கைகாட்டின், நின்று ஏற்றிச் செல்வது ஓட்டுநரின் கடமை.

அன்று சொல்லத் தவறியதை ஈடுசெய்யவேனும், இப்போதெல்லாம் இறங்கியதும் ஓட்டுநரை நோக்கிக் கைகூப்புகிறோம். பலரும் புன்னகையுடன் தலையசைக்கின்றனர்.