மலை நாட்டுக்கு ஏற்ற ஃபெஸ்க்யூ புல்: பசுமையின் கணக்கும் பாலின் கணக்கும்

நமது நாட்டின் தீவனக் கணக்கு நெடுங்காலமாகவே பற்றாக்குறைக் கணக்காக இருந்து வந்துள்ளது. 2019-ஆம் ஆண்டின் 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள கால்நடைகள் ஏறத்தாழ 53.6 கோடி. பயிரிடப்படும் நிலத்தில் தீவனப் பயிர்களுக்குக் கிடைப்பதோ சுமார் 4 விழுக்காடு மட்டுமே. பசுந்தீவனப் பற்றாக்குறையின் அளவு குறித்து மதிப்பீடுகள் ஒத்துப்போவதில்லை. ஏறத்தாழ 35 விழுக்காடு என்று ஒரு மதிப்பீடு கூறுகிறது. 11 விழுக்காட்டைச் சற்றே தாண்டும் என்கிறது பின்னர் வந்த மற்றொன்று. மும்மடங்கு வேறுபடும் இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துக்கொண்டு திட்டம் தீட்டுவது எளிதன்று. எனினும் இரண்டு எண்களுமே ஓர் உண்மையை மறைத்து விடுகின்றன. தீவனப் பற்றாக்குறை ஆண்டு முழுவதும் சீராகப் பரவியிருப்பதில்லை. அதற்கென்று ஒரு பருவம் உண்டு.

இமாசலப் பிரதேசம், உத்தரகண்ட், காஷ்மீர் ஆகிய மலைப்பகுதிகளில் இதைத் தெளிவாகக் காணலாம். ஆகஸ்டு மாதத்தில் அங்கே புல்லுக்குக் குறைவில்லை. மழை ஓய்ந்து குளிர் தொடங்கியதும் இயற்கைப் புல்வெளிகள் பழுத்து வைக்கோலாகி விடுகின்றன. டிசம்பர் முதல் மார்ச்சு வரை பசுக்கள் காய்ந்த புல்லையும், பியூல் போன்ற மரங்களிலிருந்து வெட்டப்படும் தழைகளையும் உண்டே காலந்தள்ள வேண்டும். அத்தழையையும் புல்லையும் வெட்டிச் சுமந்து வருபவர்கள் பெரும்பாலும் பெண்களே. இச்சுமையைக் குறைக்கும் நோக்கத்துடன்தான் உத்தரகண்ட் அரசு 2021-இல் கசியாரி நலத் திட்டத்தைத் தொடங்கி, சைலேஜ் எனப்படும் ஊறுகாய்ப் புல்லை மூட்டைகளாகக் கட்டிச் சலுகை விலையில் வழங்க முன்வந்தது. ‘கசியாரி’ என்பது புல்லறுக்கும் பெண்ணைக் குறிக்கும் சொல். தீவனத்தை வெளியிலிருந்து கொண்டு வருவது ஒரு வழி; குளிர்ந்த மாதங்களிலும் வளரும் புல்லை அந்த மலையிலேயே விளைவிப்பது மற்றொரு வழி. இக்கட்டுரை இரண்டாவது வழியில் பெரிதும் பேசப்படும் டால் ஃபெஸ்க்யூ என்னும் புல்லைப் பற்றியது.

குளிர்காலப் புல்லின் இயல்பு

ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா ஆகிய பகுதிகளே இப்புல்லின் தாயகம். தாவர நூலார் இதனை ஃபெஸ்டூகா அருண்டினேசியா என்று நெடுநாள் வழங்கி வந்தனர். இது பல்லாண்டுப் புல், தூர்கட்டி வளர்வது. வேர் ஆழமாகச் செல்வதால் சரிவு நிலத்தின் மண்ணைப் பற்றிக்கொள்ளும். நமது நாட்டுப் புற்களில் பெரும்பாலானவை வெப்பத்தில் வளர்ந்து குளிரில் ஒடுங்குபவை. ஃபெஸ்க்யூவின் போக்கு இதற்கு மாறானது. 15 முதல் 25 டிகிரி செல்சியசு வெப்பநிலையில் அது செழிக்கிறது. ஆகவே மழைக்குப் பிந்திய இரண்டு மாதங்களிலும், பனி விலகிய பின் மார்ச்சு முதல் மே வரையிலும், அதாவது நாட்டுப் புல் கைவிடும் காலத்தில், இது கை கொடுக்கிறது. சமவெளியின் கோடை இதற்கு ஒவ்வாது என்பதையும் இங்கேயே கூறிவிட வேண்டும். ஒரு மாநிலத்தில் வெற்றி பெற்ற விதையை எல்லா மாநிலங்களுக்கும் பகிர்ந்தளிக்கும் ஆர்வம் நமது நிருவாகத்தில் அவ்வப்போது தலைதூக்குவதுண்டு.

பொருளாதாரக் கண்ணோட்டத்தில் ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். 300 கிலோ எடையுள்ள ஒரு பசுவுக்கு, உடல் எடையில் 2.5 விழுக்காடு என்ற அளவில், நாளொன்றுக்கு 7.5 கிலோ உலர்பொருள் தேவை. குளிர்காலம் 120 நாட்கள் எனக் கொண்டால் மொத்தத் தேவை 900 கிலோ. அதில் பாதியை மட்டும் ஃபெஸ்க்யூவிலிருந்து பெறுவதாக வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு 5 டன் உலர்பொருள் தரும் ஓரளவு நல்ல நிலமாயின், ஹெக்டேரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடம் போதும். துண்டு துண்டாகச் சிதறிய மலை நிலவுடைமைக்கு இது எட்டாத அளவன்று. வறண்ட கற்சரிவில் இவ்விளைச்சலை எதிர்பார்க்கலாகாது என்பதும் உண்மையே.

பயிரிடும் முறை

விதை மிகச் சிறியது. ஒரு கிலோவில் ஏறத்தாழ 5 இலட்சம் விதைகள் அடங்கும். ஆழமாக விழுந்தால் முளை மேலே வாராது. 1 செண்டிமீட்டர் ஆழமே போதுமானது. ஹெக்டேருக்கு 20 முதல் 25 கிலோ விதை தேவைப்படும். மழைக்காலத்தின் கடைசிப் பகுதியில், மண்ணில் ஈரம் இருக்கும்போதே விதைத்து விடுதல் நலம். இளஞ்செடி கடுங்குளிருக்கு முன் வேரூன்ற வேண்டும். சற்று அமிலத்தன்மையுள்ள மலை மண்ணையும் இப்புல் தாங்கும். தழைச்சத்தை ஒரே தடவையில் இடாமல், ஒவ்வோர் அறுவடைக்குப் பின்னும் பிரித்து இடுவதே சிக்கனம். வெள்ளைக் குளோவர் அல்லது சிவப்புக் குளோவரைக் கலந்து விதைத்தால், அப்பயறுவகைச் செடிகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பதுடன் தீவனத்தின் புரதத்தையும் உயர்த்துகின்றன.

அறுவடையின் காலமே தீவனத்தின் தரத்தை முடிவு செய்கிறது. கதிர் வெளிவருவதற்குச் சற்று முன்னதாக அறுக்கப்பட்ட புல்லைக் கால்நடைகள் விரும்பித் தின்னும். கதிர் முற்றிய பின் தண்டு நார்த்தன்மை அடைகிறது; புரதம் விரைவாகக் குறைகிறது. எடை கூடட்டும் என்று காத்திருப்பவர் அளவில் பெறுவதைத் தரத்தில் இழப்பார். தரையோடு ஒட்ட அறுக்காமல் 7 முதல் 10 செண்டிமீட்டர் தாள் விட வேண்டும். மறுதழைவுக்கான சேமிப்பு அத்தாளின் அடியில்தான் உள்ளது.

ஃபெஸ்க்யூவின் தனிச்சிறப்பு ஒன்றுண்டு. மழைக்காலத்தின் இறுதியில் ஒரு முறை அறுத்து, சிறிது தழைச்சத்து இட்டு, அந்நிலத்தை அடைத்து விட்டால், இலையுதிர்காலத்தில் வளர்ந்த புல் சர்க்கரைச் சத்துடன் நின்றபடியே குளிர்காலம் வரை கெடாமல் இருக்கும். மெழுகு போன்ற மேற்பூச்சுடைய அதன் இலையை உறைபனி எளிதில் அழிப்பதில்லை. வெட்டி உலர்த்தும் வேலையோ, சேமிக்கும் கொட்டகையோ இன்றி நிலமே களஞ்சியமாகிறது.

கென்டக்கியில் நிகழ்ந்தது

இவ்வளவு நற்பண்புகள் கொண்ட புல்லை ஏன் உடனே எங்கும் பரப்பவில்லை என்ற வினா எழும். அமெரிக்க அனுபவமே அதற்கு விடை.

1931-இல் கென்டக்கி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபெர்கஸ், மெனிஃபீ பகுதியில் ஒரு மலைச்சரிவுப் பண்ணையில் குளிரிலும் பசுமை மாறாது நின்ற ஃபெஸ்க்யூ புல்லைக் கண்டு, அதன் விதையைச் சேகரித்தார். ஆய்வுகளுக்குப் பின் 1943-இல் அது ‘கென்டக்கி 31’ என்னும் பெயரில் உழவர்களுக்கு வழங்கப்பட்டது. வறட்சி, பூச்சி, மிகை மேய்ச்சல் எதற்கும் அது அசையவில்லை. காலப்போக்கில் அந்நாட்டில் ஏறத்தாழ 1.4 கோடி ஹெக்டேர் நிலத்தில் ஃபெஸ்க்யூ பரவியது. பரப்பளவை அளவுகோலாகக் கொண்டால் இதற்கு இணையான வெற்றியைக் காண்பது அரிது.

ஆனால் அந்தப் பசுமையில் மேய்ந்த மாடுகள் தேறவில்லை. கோடையில் அவற்றின் உடல் வெப்பம் ஏறியது, மயிர் உதிராமல் சடைத்தது, எடை கூடவில்லை, பால் குறைந்தது. குளிர்காலத்தில் சில மாடுகளுக்குக் குளம்பும் வாலும் அழுகின. குதிரைகள் காலந்தாழ்த்தி ஈன்றன; ஈன்ற பின் மடியில் பால் இல்லை. புல்லை வேதியியல் முறையில் ஆராய்ந்தால் புரதமும் செரிமானத் தன்மையும் குறைவின்றியே இருந்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் விளங்காதிருந்த இப்புதிருக்கு 1977-இல்தான் விடை வெளிவந்தது. ஜார்ஜியா மாநிலத்தில் ஒரே பண்ணையைச் சேர்ந்த இரு மேய்ச்சல் நிலங்களைச் சார்லஸ் பேக்கன் என்பாரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் ஒப்பிட்டனர். நோயுற்ற மாடுகள் மேய்ந்த நிலத்தின் புல் முழுவதிலும் ஒரு பூசணம் உள்ளே குடியிருந்தது. மாடுகள் நலமாயிருந்த நிலத்தில் பத்தில் ஒரு பங்குச் செடிகளிலேயே அது காணப்பட்டது.

செடியின் உள்ளேயே வாழும் இப்பூசணம் வெளியே எந்த அடையாளத்தையும் காட்டுவதில்லை. இது எர்கோவலின் முதலிய நச்சுப்பொருள்களைச் சுரக்கிறது. அவை கால்நடையின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. பால் சுரப்பைத் தூண்டும் புரொலாக்டின் என்னும் இயக்குநீரைக் குறைக்கின்றன. ஆனால் அதே பூசணந்தான் செடிக்கு வறட்சியையும் பூச்சியையும் தாங்கும் வலிமையையும் தந்தது. உழவர் போற்றிய உறுதியும் மாட்டை வாட்டிய நஞ்சும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. இந்நச்சுப் பாதிப்பால் மாட்டுப் பண்ணையாளர் அடைந்த இழப்பு ஆண்டுக்கு 60 கோடி டாலருக்கு மேல் என்று 1993-இல் மதிப்பிடப்பட்டது. பூசணம் நீக்கிய இரகங்களை வெளியிட்டபோது மாடுகள் தேறின. புல்லோ வறட்சியிலும் மிகை மேய்ச்சலிலும் பல இடங்களில் மடிந்தது. கால்நடைக்குத் தீங்கற்ற பூசண வகையைச் செடிக்குள் செலுத்திய இரகங்கள் 2000-ஆம் ஆண்டையொட்டி விற்பனைக்கு வந்தன. அவற்றின் விதை விலை அதிகம்.

எங்கே, எந்த விதை

நமக்கு இதனால் விளங்குவது யாது? மினிகிட் எனப்படும் சிறு விதைப் பைகள் எத்தனை வழங்கப்பட்டன, எத்தனை ஹெக்டேர் பசுமையாயிற்று என்று மட்டும் அறிக்கை கேட்கும் திட்டம், கென்டக்கி 31-ஐ முழு வெற்றி என்றே பதிவு செய்திருக்கும். 1966-ஆம் ஆண்டின் விதைச் சட்டத்தையொட்டிப் பைகளில் ஒட்டப்பட்டு வந்த சீட்டு முளைப்புத்திறனையும் தூய்மையையும் சொல்லும். உள்ளே பூசணம் உண்டா என்று சொல்லாது. ஃபெஸ்க்யூ விதையைப் பொறுத்தவரை அதுவும் கேட்கப்பட வேண்டும். சோதனை கடினமானதன்று. விதையை ஊறவைத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் பூசண இழைகள் தெரியும். இப்பூசணம் ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்குத் தொற்றுவதில்லை. விதை வழியாக மட்டுமே பரவுகிறது. எனவே வாயிலில் ஒரு முறை தடுத்துவிட்டால் வயலில் துரத்த வேண்டிய தேவை இல்லை.

பூசணமற்ற விதை மென்மையானது என்ற அச்சம் நமது மலைகளுக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் கருத்து. குளிர்ந்த, ஈரமிகுந்த பகுதிகளில் அத்தகைய புல் நீடித்து நிற்பதைப் பிற நாடுகளில் கண்டுள்ளனர். அதைக் கொல்வது பெரும்பாலும் வறட்சியும் மிகை மேய்ச்சலும். ஆகவே எந்த நிலத்தில் தொடங்குவது என்பதே முதன்மையான முடிவு. யாரும் எப்போதும் மேய்க்கக்கூடிய பொது நிலத்தில் விதையைத் தூவினால், முளைத்த முதல் மாதத்திலேயே அது போய்விடும். இமாசலத்தில் ‘காஸ்னி’ எனப்படும் புல்நிலங்களை மழைக்காலத்தில் அடைத்து வைத்து, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் புல்லறுக்கும் வழக்கம் உண்டு. அடைத்து வைக்கும் ஒழுங்கு அங்கே ஏற்கெனவே நிலவுவதால் ஃபெஸ்க்யூ அங்கிருந்து தொடங்குவதே முறை. படிவயல்களின் கரைச்சரிவுகளும் ஏற்றவை. காஷ்மீரின் ஆப்பிள் தோட்டங்களில் மர வரிசைகளுக்கிடையே ஃபெஸ்க்யூ, ஆர்ச்சர்ட் புல், குளோவர் ஆகியவற்றை வளர்க்கும் முறையும் ஆராயப்பட்டுள்ளது. இளமரத்தின் அடியைச் சுற்றி மட்டும் புல்லின்றி விட்டுவிட வேண்டும்.

முன்பே பூசணமுள்ள புல் விதைக்கப்பட்டிருந்தால் அஞ்சி உழுதுவிட வேண்டியதில்லை. நஞ்சு கதிரிலும் விதையிலும் மிகுதி. ஆதலால் கதிர் வெளிவருமுன் அறுத்து விடலாம். மிகையான தழைச்சத்து உரம் நஞ்சைக் கூட்டும். அதைக் குறைத்துக் குளோவரைக் கூட்டலாம். சினையுற்ற குதிரைக்கும் கோவேறு கழுதை ஈனும் குதிரைக்கும் கடைசி மாதங்களில் அப்புல்லைத் தராதிருப்பது அவசியம்.

உள்நாட்டு விதை உற்பத்தியைப் பற்றியும் ஒரு சொல். குளிரின் தாக்கம் பெற்ற பிறகே ஃபெஸ்க்யூ கதிர்விடும் என்பதால் இதன் விதையைச் சமவெளிப் பண்ணைகளில் விளைவிக்க இயலாது. மலையிலேயே விளைவித்தாக வேண்டும். விதை முற்றுவது கோடையின் முற்பகுதியில். முற்றியதும் உதிரத் தொடங்கும். பின்னாலேயே பருவமழை வந்துவிடும். அறுவடைக்குச் சில நாட்களே கிடைக்கின்றன. அறுத்த விதையைச் சாதாரண வெப்பநிலையில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால் பூசணம் பெரும்பாலும் இறந்துவிடும். ஆனால் முளைப்புத்திறனும் உடன் குறையும். எனவே பழைய விதையை வழங்குமுன் இரண்டையும் சோதித்து, முளைப்புக் குறைந்த அளவுக்கு விதையளவைக் கூட்டி வழங்க வேண்டும்.