இடம் மாறும் நாக்குத் திட்டு

மும்பையில் தமிழ்க் குடும்பங்கள் மிகுந்து வாழும் தாராவி, மாதுங்கா, செம்பூர் பகுதிகளில் பணிபுரியும் ஆசிரியரும் சுகாதார ஊழியரும், சிறுவர் சிலரின் நாவில் சிவந்த, வழவழப்பான திட்டுகளைக் காணக்கூடும். அவற்றைச் சுற்றியுள்ள வெண்ணிற விளிம்புகள் தேசப்படத்தின் எல்லைக் கோடுகளை ஒத்திருக்கும். ஆதலின் இந்நிலைக்குத் தேசப்பட நாக்கு என்று பெயர்.

நாவின் மேற்பரப்பை இழை போன்ற நுண்ணிய முளைகள் போர்த்தியுள்ளன. அவை ஓரிடத்தில் உதிரும்போது திட்டு உண்டாகிறது. அவ்விடத்தில் மீண்டும் முளைகள் வளர, வேறோரிடத்தில் உதிர்கின்றன. எனவே திட்டு சில நாட்களிலோ வாரங்களிலோ இடம் மாறும்.

இதன் மூலகாரணம் இன்னும் திட்டமாகக் கண்டறியப்படவில்லை. எனினும், வெடிப்புகள் நிறைந்த நாக்கு, சோரியாசிஸ் என்னும் தோல் நோய், ஒவ்வாமை, குடும்ப வழி ஆகியவற்றுடன் இது சேர்ந்து காணப்படுவதுண்டு. சேர்ந்து காணப்படுவதாலேயே அவை காரணங்களாகிவிடா. 1988 முதல் 1994 வரை அமெரிக்காவில் நடைபெற்ற தேசியக் கணக்கெடுப்பில் வயது வந்தோருள் 1.8 சதவீதத்தினரிடம் இது காணப்பட்டது. புகைபிடிப்போரிடம் குறைவாகவே இருந்தது. ஆகவே, புகையிலை பயன்படுத்துவோர் நாவிலுள்ள திட்டை இதுவென்று எளிதில் கொள்ளலாகாது.

இது தொற்றுநோயன்று. பிள்ளையைத் தனியே அமர்த்துதலும் நாவைச் சுரண்டுதலும் வேண்டா. எரிச்சல் இருப்பின், அது தணியும்வரை காரமும் புளிப்பும் குறைத்தால் போதும்.

வேறு நிலைகளும் உண்டு. துடைத்தால் அகலும் தயிர் போன்ற வெண்படலம் பூஞ்சைத் தொற்றாகலாம். நா முழுவதும் வழவழப்பாகி, சோர்வும் சேர்ந்தால், இரும்புச் சத்தோ வைட்டமின் பி12 சத்தோ குறைந்திருக்கலாம். புகையிலை, குட்கா, பாக்கு பயன்படுத்துவோர் வாயில் துடைத்தும் அகலாத வெண்திட்டு, தடித்த கட்டி, இரு வாரங்களில் ஆறாத புண் ஆகியவை காணப்பட்டால், அவரைத் தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். சயானிலுள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனை தாராவிக்கு அண்மையிலுள்ளது.

இத்தகைய சோதனைக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 இல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற ஊழியர் வாயைக் கண்ணால் நோக்கிச் சோதித்தனர். புகையிலை அல்லது மது பழக்கமுடையோரிடையே வாய்ப்புற்றுநோயால் நேரும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென 2005 இல் வெளியான முடிவு காட்டியது.

சிறுவர் நாவில் திட்டைக் கண்டவுடன், அதன் வடிவையும் இடத்தையும் தேதியுடன் தாளில் வரைந்து வைத்தல் நன்று. இரு வாரங்களுக்குப்பின் மீண்டும் வரைந்து ஒப்பிடுக. இடம் மாறியிருப்பின் பெற்றோர்க்கு ஆறுதல் கூறலாம். மாறாதிருப்பின் மருத்துவரிடம் அனுப்புக.