போதை மீட்புச் சிகிச்சை: வழியும் செலவும்

மதுவிற்கும் போதைப்பொருளுக்கும் அடிமையாதல் ஒழுக்கக்கேடு அன்று. சிகிச்சைக்கு உட்படும் நோய். நியூ ஜெர்சியில் வாழ்வோர் 1-844-732-2465 என்னும் ரீச் என்ஜே உதவி எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். காப்பீடு இல்லாதவர்க்கும் அங்கு வழிகாட்டப்படும்.

செலவை எண்ணித் தயங்க வேண்டா. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரசுக் காப்பீட்டுச் சந்தையில் விற்கப்படும் திட்டங்கள் இச்சிகிச்சையையும் உள்ளடக்க வேண்டும். குறைந்த வருவாய் உடையோர் என்ஜே ஃபேமிலிகேர் திட்டத்திற்கு விண்ணப்பிக்கலாம். பணியிடக் காப்பீடு உடையோர், சிகிச்சை நிலையம் தம் திட்டத்தில் உள்ளதா, முன் அனுமதி தேவையா எனக் கேட்டறிக.

நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் உயிராபத்தும் நேரலாம்; மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்துவதே நன்று. சிகிச்சைப் பதிவுகளைக் கூட்டாட்சி விதிகள் காக்கின்றன. நோயாளியின் ஒப்புதலின்றி அவை பொதுவாக உறவினருக்கோ பணியிடத்திற்கோ தெரிவிக்கப்படா. ஆகவே, ஊரார் அறிவர் என்னும் அச்சத்தால் காலந்தாழ்த்தாதீர்கள்.