படத்துக்குக் கீழே ஒரு பெயர்

அன்புள்ள மருமகள் கவிதாவுக்கு,

சாதாரண தரப் பரீட்சை முடிந்ததிலிருந்து போனும் கையுமாகப் படம் எடுத்துக்கொண்டு திரிகிறாய் என்று அக்கா சொன்னார். நல்ல காரியம். பிட்டமாருவ மலை விளிம்பில் எடுத்தவற்றைப் பார்த்தேன். அழகாகவே இருக்கின்றன. ஆனால் கொழும்பிலிருந்து வருகிறவர்களும் அதே படத்தைத்தான் எடுத்துப் போகிறார்கள். அவர்களுக்குக் கிடைக்காத படங்கள் உன் லயத்தைச் சுற்றி இருக்கின்றன.

முதலில் வெளிச்சத்தைக் கவனி. காலை ஏழு மணி வெயில் சாய்ந்து விழுவதால் தேயிலை நிரையும் முகத்துச் சுருக்கமும் எடுப்பாகத் தெரியும். உச்சி வெயிலில் கண்குழி இருண்டுவிடும். பனி மூடிய நாளில் கமரா வெளிச்சம் அதிகம் என்று எண்ணிப் படத்தைச் சாம்பல் நிறமாக்கும். திரையைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைச் சற்று மேலே தள்ளு. பனி வெள்ளையாகவே விழும்.

குருவிகளைத் துரத்தாதே. முள்முருங்கை பூத்தால் தேன்சிட்டும் மைனாவும் தாமாகவே வரும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, அசையாமல் உட்கார்ந்திரு. கொண்டைக்குருவிக்குத் தலையும் கறுப்பு, கண்ணும் கறுப்பு. அது தலையைத் திருப்பும்போது கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம் மின்னும். அந்த நொடியில் எடுத்தால்தான் படத்தில் குருவிக்கு உயிர் இருக்கும். போனில் விரலால் இழுத்துப் பெரிதாக்காதே, படம் உடைந்துபோகும். குருவி சிறிதாகவே இருக்கட்டும். அது உட்கார்ந்திருக்கும் உடுப்புக்கொடியும் பின்னால் எழும் அடுப்புப் புகையும் சேர்ந்து விழட்டும். கூட்டுக்குக் கிட்ட மட்டும் போகாதே. நீ நிற்கும் இடத்தைக் காகம் பார்த்து வைத்துக்கொள்ளும்.

தெமோதரைக்குப் பக்கத்தில் 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்தை எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் பிரட்டுக்களத்தையும் கொழுந்து மடுவத்தையும் யார் எடுப்பார்கள்? கவ்வாத்து வெட்டிய மலையை ஒரே இடத்தில் நின்று மாதம் ஒருமுறை எடு. மொட்டைக் குச்சியில் மறுபடி கொழுந்து வரும் வரை அடுக்கிப் பார்த்தால் தோட்டத்தின் வேலையே அதில் தெரியும். லயங்கள் ஒருநாள் இல்லாமல் போகும், போகத்தான் வேண்டும். அதற்கு முன் அந்தக் காம்பிராவில் அடுப்பு எங்கே இருந்தது, எத்தனை பேர் எங்கே படுத்தார்கள் என்பது படமாக இருக்க வேண்டும்.

ஆட்களை எடுக்கும்போது கேட்டுவிட்டு எடு. கொழுந்து பறிக்கும் கைகளை மறிக்காதே, கிலோ குறைந்தால் சம்பளத்தில் தெரியும். நிறுத்து முடிந்த பிறகு கேள். எடுத்ததைக் காட்டு. வேண்டாம் என்றால் அங்கேயே அழித்துவிடு.

கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பாய். அந்தக் கமரனின் மனைவி ஜூலியா மார்கரெட் கமரன், உலகமறிந்த புகைப்படக் கலைஞர். காப்பித் தோட்டங்கள் வைத்திருந்த கணவரோடு 1875இல் இலங்கைக்கு வந்து 1879இல் இங்கேயே இறந்தார். பொகவந்தலாவையில் அடக்கம் செய்தார்கள். இங்கிலாந்தில் டார்வினையும் டென்னிசனையும் பெயரோடு எடுத்தவர், இங்கே களுத்துறையில் எடுத்த ஒரு படத்துக்கு வைத்த தலைப்பு ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்பதுதான். அந்த முகங்கள் இன்றைக்கும் நம்மைப் பார்க்கின்றன. யாருடைய பாட்டி, யாருடைய பூட்டன் என்று சொல்ல வழியில்லை. கூடை சுமந்த எத்தனையோ பெண்கள் அதற்குப் பிறகும் அப்படியே தேயிலைப் பெட்டிகளிலும் தபாலட்டைகளிலும் பெயரில்லாமல் போனார்கள்.

உனக்கு அந்தப் பெயர்கள் தெரியும். இது எந்தக் கமராவும் தராத வசதி. ஒரு கொப்பி வாங்கு. ஒவ்வொரு படத்துக்கும் யார், எந்த மலை, எந்தத் தேதி, என்ன வேலை என்று அன்றன்றைக்கே எழுது. பெயர் போடலாமா என்று அவர்களிடமே கேட்டுக்கொள். அடுத்த முறை எனக்கு அனுப்பும்போது படத்தோடு அந்தப் பக்கத்தையும் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
மாமா