மழை இரவில் மறையும் படம்

2022 டிசம்பர் 9ஆம் நாள் நள்ளிரவையொட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர் குப்பங்களுக்குச் செய்தி மிகவும் தேவைப்படுவது இத்தகைய இரவுகளில்தான். கூரைமேல் டிஷ் வைத்த வீடுகளில் படம் மறைவதும் இத்தகைய மழையில்தான். ஏன் என்பதை இயற்பியல் கொண்டு ஆராய்வோம்.

1975 ஆகஸ்ட் 15இல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியபோது அதன் தரைவழி அலைகளின் நீளம் மீட்டர் கணக்கில் இருந்தது. சில மில்லிமீட்டர் பருமனுள்ள மழைத்துளி அவற்றை ஒன்றும் செய்யவில்லை. அலை வலுக்குறைந்தால் திரையில் புள்ளிகள் கொட்டும். ஆயினும் செய்தி வாசிப்பவர் முகம் தெரியும், குரலும் கேட்கும்.

டி.டி.எச். அலையோ சுமார் 36,000 கி.மீ. உயரத்திலிருந்து வருவது. அதிர்வெண் ஏறத்தாழ 12 கிகாஹெர்ட்ஸ். அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டரே. பெருமழைத் துளிகள் அதனை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. இழப்பு 10 டெசிபல் எனில் வந்து சேர்வது பத்தில் ஒரு பங்கு.

அது மட்டுமன்று. ஒரு படத்துக்கு 720 × 576 புள்ளிகள், வினாடிக்கு 25 படங்கள், புள்ளிக்கு 16 பிட் எனப் பெருக்கிப் பாருங்கள்: வினாடிக்கு ஏறத்தாழ 16.6 கோடி பிட்! இதனைச் சில பத்து இலட்சமாகச் சுருக்க, முழுப்படத்தை அவ்வப்போது மட்டும் அனுப்பி, இடையில் மாற்றங்களையே அனுப்புகிறார்கள். ஓரிடத்தில் கெட்டால் அடுத்த முழுப்படம் வரும்வரை பிழை தொடரும். திரை கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான்.

பிழை திருத்த ஒரு காவலும் உண்டு. ரீட்-சாலமன் முறையில் 188 பைட்டுடன் 16 பைட் சேர்த்து அனுப்பினால், எட்டு பைட் வரை கெட்டாலும் பெட்டி தானே திருத்திக்கொள்ளும். ஒன்பதாவது கெட்டால் கைவிரித்துவிடும். ஆகவே படம் மெல்ல மங்குவதில்லை. தெளிவாக இருந்தபடியே திடீரென விழுகிறது. பழைய மங்கல் படமே புயலுக்கு ஏற்றது என்பது என் கருத்து.

கைப்பேசிக் காணொளியில் தொலைந்த பகுதியை மீண்டும் கேட்டுப் பெறலாம். செயற்கைக்கோளிடம் அப்படிக் கேட்க இயலாது. அதற்காகச் சில வினாடிப் படத்தை முன்கூட்டியே சேமிப்பதால் நேரலை சற்றுப் பிந்தும். ஒளிபரப்பில் எத்தனை வீடு பார்த்தாலும் ஒரே அலை. இணையத்திலோ பெரும்பாலும் ஆளுக்கொரு பிரதி. ஊரே ஒரு கோபுரத்தை மொய்க்கும்போது, மின்சாரமும் நின்று கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்தால் அதுவும் ஓய்ந்தது.

கேபிள் நிலையத்தார் பெரிய டிஷ்ஷில் பெறும் சி பட்டை அலையின் நீளம் ஏழரை சென்டிமீட்டர். மழை அதனை அவ்வளவாக வாட்டாது. ஆனால் அங்கிருந்து வீட்டுக்கு வரும் கம்பி கம்பத்தில் அல்லவா தொங்குகிறது!

மத்திய அலை வானொலியின் அலைநீளமோ நூற்றுக்கணக்கான மீட்டர். மழை அதற்கு ஒரு பொருட்டே அன்று. பெட்டிக்கு இரண்டு பேட்டரிக் கட்டை போதும்.