புயல் நாளில் மோட்டாரை வீட்டிலிருந்து கவனிப்பது

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, மின்கம்பங்களை வரிசையாகச் சாய்த்துப் போட்டது. அதில் என் மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. நாள்கள் கழித்து கரெண்ட் திரும்பிய அன்றுதான் காயில் கருகியது. ஸ்டார்ட்டர் ஆட்டோவில் இருந்தது, வந்ததோ இரண்டு பேஸ். ரிலே அடிக்கடி விழுகிறதென்று அளவை ஏற்றி வைத்ததும் நானேதான்!

இப்போது சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறேன். குறுஞ்செய்தியில் மூன்று எண்கள் வரும்: ஆர்-ஒய், ஒய்-பி, பி-ஆர். மூன்றும் 415 வோல்ட்டை ஒட்டி இருக்கணும். ஒன்று மட்டும் சரியாக இருந்து மற்ற இரண்டும் தாழ்ந்திருந்தால் ஒரு பேஸ் போய்விட்டது. சராசரியிலிருந்து ஏதாவது ஒன்று 20 வோல்ட் விலகினாலும் ஓட்டாதீர்கள்.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. மோட்டார் ஓடும்போது ஒரு பேஸ் அறுந்தால், அந்த லைனில் மோட்டாரே வோல்ட் உண்டாக்கிக் காட்டும். வோல்ட் ஏறக்குறைய சரியாகத் தெரியும். ஆம்பியரைப் பாருங்க: ஒரு லைனில் சுழியம், மற்ற இரண்டில் ஏகத்துக்கு ஏறியிருக்கும். கண்டன்சர் போட்டு இரண்டு பேஸில் ஓட்டுகிறவர்களுக்கு இந்த எச்சரிக்கையே கிடைக்காமல் போகலாம்.

புயல் எச்சரிக்கை வந்ததும் ஆட்டோவை எடுத்துவிடுங்கள். போனிலிருந்து நிறுத்தலாம், புயலுக்குப் பின் போனிலிருந்து போடக் கூடாது. கம்பி வயலில் கிடக்கிறதா என்பது எந்தக் குறுஞ்செய்தியிலும் வராது. செய்தியே வரவில்லையென்றால் டவர் விழுந்திருக்கலாம், பெட்டியின் பேட்டரி தீர்ந்திருக்கலாம். விடிந்தபின் வரப்போரம் நின்று லைனைப் பாருங்கள். கம்பி தொங்கினால் கிட்டப் போகாமல் மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லுங்கள்.