வானின் உடற்கட்டுப்பாட்டுக் கருவி: பழுதாய்தலும் மாற்றலும்

மாத்தளை நகரினின்றும் வடக்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவில், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலையின் மருங்கே அமைந்தது அலுவிகாரை. வாய்மொழியாய் வழங்கிவந்த பௌத்த மறைநூல்கள் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், இங்கேதான் ஏட்டில் எழுதப்பெற்றன என்பர். நினைவில் மட்டும் கிடப்பது நினைவோடு அழியும். ஆதலின் அழியுமுன் எழுதிவைக்க வேண்டும் என்பதே அப்பணியின் கருத்து. இக்கட்டுரை மோட்டார் வண்டியின் கருவியொன்றைப் பற்றியதேயாயினும், அக்கருத்து இதற்கும் வேண்டப்படும். அதனை உரிய இடத்திற் காண்பாம்.

அலுவிகாரையில் வாழும் எம் கல்லூரித் தோழர் ஒருவர், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வான் ஒன்றால் சீவனம் நடத்துபவர். ஓர் ஐப்பசி மாதத்து மாலையில், பெருமழைக்கு நடுவே, பிள்ளைகள் நிறைந்திருந்த வேளையில், அவ்வானின் வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றுவிட்டது. சற்று நேரத்தில் தானே ஓடிற்று. பின்னர்ச் சிக்னல் விளக்குகள் ஏவாமலே மின்னின. கதவுகள் தாமே பூட்டிக்கொண்டன. காலையிற் பார்த்தால் பற்றரி வெறுமையாய்க் கிடந்தது. கராஜ் ஒன்றிற் காட்டினார். “பெட்டி பழுது” என்றனர். இரண்டு மாத வருவாயைக் கொடுத்துப் பழைய பெட்டியொன்றை வாங்கி மாற்றினார். வான் செவ்வனே ஓடிற்று. மார்கழி மழையில் முன்னை நோய் முழுவதும் மீண்டது.

இது ஒருவருடைய இடர் அன்று. 2020ஆம் ஆண்டில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சொந்த வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டிலேதான் வழி மீளத் திறந்தது. ஆகவே பழைய வான்களையே பேணி ஓட்டவேண்டியவர் பலராயினர். அவர்தம் கைப்பொருளும், வண்டியிலிருக்கும் பிள்ளைகளின் உயிரும் பழுதாய்வோன் செய்யும் முடிவிலே தங்கியுள்ளன.

கருவியின் தொழில்

பழைய வண்டிகளிலே பற்றரியின் மின்னோட்டம் பியூஸ் வழியாகவும் ஆளி வழியாகவும் நேரே விளக்கிற்குச் சென்றது. ஆளியை அழுத்தினால் சுற்று மூடும்; விளக்கு எரியும். இக்கால வானில் ஆளி ஒரு விண்ணப்பத்தையே அனுப்புகின்றது. அதனை ஏற்று, விளக்கிற்கோ வைப்பருக்கோ கதவுப் பூட்டிற்கோ மின்னோட்டத்தை விடுவது உடற்கட்டுப்பாட்டுக் கருவியாகும். நிசான் நிறுவனத்தார் இதனைப் பி.சி.எம். என்பர், டொயோட்டா நிறுவனத்தார் உடல் ஈ.சி.யூ. என்பர். நம் தொழிலாளர்க்கு இது ‘பெட்டி’.

எஞ்சினைக் காப்பது வேறொரு பெட்டி. பிறேக்கைக் காப்பது பிறிதொன்று. இவை தம்முட் பேசிக்கொள்வது, முறுக்கிய இரு கம்பிகளாலான வலையமைப்பின் வழியாகும். ஜெர்மனியின் பொஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட கான் என்னும் முறை இன்று எங்கும் பரவியது. ஆதலின் ஒரு குறை தோன்றுமிடம் ஒன்றாகவும், அதன் காரணம் இருக்குமிடம் வேறொன்றாகவும் இருத்தல் கூடும்.

குறிகளைப் பிரித்தறிதல்

ஒரு தொழில் மட்டும் கெட்டதாயின் அதற்குரிய பியூஸ், மோட்டார், ஆளி, கம்பி ஆகியவற்றையே முதலில் ஐயுற வேண்டும். தம்முள் தொடர்பில்லாத பல தொழில்கள் ஒருங்கு கெட்டனவாயின், அவை அனைத்திற்கும் பொதுவானது யாதெனத் தேடவேண்டும். மின்வழங்கல் பொதுவானது, புவிக்கம்பி பொதுவானது, வலையமைப்புப் பொதுவானது, பெட்டியும் பொதுவானது. இந்நான்கனுள் விலைமிக்கதும் மாற்றுதற்கு அரியதும் பெட்டியே. எனவே அதனை இறுதியிலேயே குற்றவாளிக் கூண்டில் ஏற்றவேண்டும்.

ஆய்வு முறை

முதலாவது பற்றரி. ஓய்ந்திருக்கும் நல்ல பற்றரி ஏறத்தாழ 12.6 வோல்ற்றுக் காட்டும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலும் 13.5 முதல் 14.5 வரை காட்டும். மின்னழுத்தம் தாழ்ந்தால் நல்ல பெட்டியும் பித்தேறியதுபோல் நடக்கும்.

இரண்டாவது பியூஸ்கள். கண்ணால் நோக்குதல் போதாது. மின்னோட்டம் உள்ளபோது ஒவ்வொன்றின் இரு முனைகளையும் அளந்து பார்க்கவேண்டும்.

மூன்றாவது புவிக்கம்பி. விளக்குகளையும் மின்விசிறியையும் இயக்கிவிட்டு, பெட்டியின் புவிமுனைக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையே வோல்ற்றை அளக்கவேண்டும். 0.2 வோல்ற்றுக்கு மேற்பட்டால் ஐயத்திற்கு இடமுண்டு. சுமையின்றித் தடையை மட்டும் அளப்பவர் ஏமாறுவர். பல இழைகளுள் ஓர் இழை எஞ்சியிருப்பினும் மீற்றர் இணைப்பு உண்டென்றே கூறும். அவ்வோரிழை வைப்பர் மோட்டாரின் சுமையைத் தாங்குமோ?

நான்காவது வலையமைப்பு. ஸ்கானர் பொருத்தும் 16 முனை இணைப்பில் 6ஆம், 14ஆம் முனைகள் கானுக்கு உரியன. பற்றரியைக் கழற்றியபின் அவற்றிடையே 60 ஓம் அளவில் தடை இருத்தல் வேண்டும். இரு கோடிகளிலும் உள்ள 120 ஓம் தடைகள் சமாந்தரமாய் இணைந்ததால் வருவது அது. 120 காட்டினால் ஒரு கோடி அறுந்தது. சுழியத்தை அண்மித்தால் கம்பிகள் இரண்டும் ஒட்டின.

ஐந்தாவது ஸ்கானர். யூ0140 என்னும் குறியீடு, ‘உடற்கட்டுப்பாட்டுக் கருவியோடு தொடர்பு இழந்தோம்’ எனப் பிற பெட்டிகள் முறையிடுவதாகும். இதனைக் கண்டவுடன் பெட்டி இறந்ததெனத் துணிவது தவறு. ஆசிரியர் இடாப்பு வாசிக்கையில் ஒரு மாணவன் விடை கூறவில்லையெனின், அவன் வராமலிருக்கலாம், தொண்டை கட்டியிருக்கலாம், ஆசிரியர் குரல் அவன் செவியில் விழாமலும் போயிருக்கலாம். எதுவென்று சென்று பார்த்தே அறியவேண்டும்.

முடிவான சோதனை இதுவே: வைப்பர் ஆளியைத் திருப்புக. விண்ணப்பம் பெட்டியை அடைந்ததென ஸ்கானர் காட்டுகிறதா? பெட்டிக்கு மின்வழங்கலும் புவியும் ஒழுங்காக உள்ளனவா? இவ்விரண்டும் இருந்தும், உரிய வெளியீட்டு முனையில் மின்னழுத்தம் தோன்றாவிடின், அப்போதே பெட்டி பழுது என்க.

நோய்முதல்

தோழருடைய வானை இம்முறையிலே ஆராய்ந்தோம். பற்றரி நன்று, புவிக்கம்பி நன்று, விண்ணப்பம் சென்றது, வெளியீடு இல்லை. ஆகவே பெட்டி பழுதுதான். முன்னைய கராஜினர் கூறியது பொய்யன்று. ஆயினும் வாங்கிய பெட்டி இரண்டே மாதத்திற் கெட்டது ஏன்? இணைப்பைக் கழற்றியபோது முனைகளிலே பச்சைக் களிம்பு படிந்திருந்தது. ஒருவர் உள்ளே மின்சூளுடன் குனிந்திருக்க, மற்றவர் முன்கண்ணாடியின்மேல் மெல்ல நீர் வார்த்தார். கண்ணாடியின் கீழ்மூலையிற் புகுந்த நீர், கம்பிக் கட்டின் வழியே இறங்கி, நேரே பெட்டிக்குட் சொட்டிற்று. முன்னொரு காலத்தில் கண்ணாடி மாற்றப்பட்டபோது பசை முற்றாக இடப்படவில்லை.

நோயை நாடியபின் அதன் முதலை நாடுக, அதன்பின் தணிக்கும் வழியை நாடுக என்று திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் வகுத்த ஒழுங்கு இங்கே பிறழ்ந்தது. நோய் சரியாகவே பெயரிடப்பட்டது, நோய்முதல் தேடப்படவில்லை. அதனாலே புதிய பெட்டியும் பழைய மழையில் நனைந்தது.

மாற்றும் முறை

எனவே முதலிற் கண்ணாடியைக் கழற்றிப் புதிதாக ஒட்டுவித்து, பசை காய்ந்தபின் மீண்டும் நீர் வார்த்துப் பார்த்தோம். களிம்பேறிய முனைகளை மாற்றினோம். கம்பிக் கட்டைப் பெட்டியினும் தாழ வளைத்துக் கட்டினோம். இனி நீர் வரினும் அவ்வளைவிலே சொட்டி வீழும்.

பெட்டியைக் கழற்றுமுன் செய்யற்பாலது ஒன்றுண்டு. இதுவே முன்னர்க் குறித்த இடம். இவ்வானில் எவ்வகைக் கதவு, எவ்வகை விளக்கு என்னும் அமைப்பு விவரங்களும், பல வான்களில் திறப்பின் இரகசிய எண்ணும் பெட்டியின் நினைவிலே கிடக்கின்றன. பெட்டி சிறிதேனும் பேசுங்காலத்திலேயே ஸ்கானரால் அவ்விவரங்களைப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். சிதையும் ஏட்டைப் புதிய ஏட்டிற் பெயர்த்தெழுதியபின் அன்றோ பழையதைக் கைவிடுவர்? பெட்டி முற்றாக ஊமையாயிற்றெனின், வானின் சட்ட எண்ணைக் கொண்டு உற்பத்தியாளரின் தரவிலிருந்தே அவ்விவரத்தைப் பெறவேண்டும்.

பழைய பெட்டியை வாங்குவோர், பஞ்சிகாவத்தையிலாயினும் பிறவிடத்திலாயினும், பாகவெண்ணை ஓரெழுத்தும் விடாது ஒப்புநோக்குக. அது முன்னைய வானின் நினைவைச் சுமந்தே வரும். சிலவற்றில் அதனை அழித்து எழுதலாம், சிலவற்றில் இயலாது. பணம் கொடுக்குமுன் இதனைக் கேட்டறிதல் வேண்டும்.

கழற்றும்போது பற்றரியின் எதிர்முனையை முதலில் நீக்குக. காற்றுப்பை உள்ள வானாயின், கைந்நூலில் விதித்த நேரம் பொறுத்திருக்க. 90 விநாடி என்பாரும் 3 நிமிடம் என்பாரும் உளர். உடலின் நிலைமின் பெட்டியைக் கெடுக்காதிருக்க, வண்டியின் வெற்றுலோகத்தைத் தொட்டபின் பெட்டியைத் தொடுக. இணைப்புகளைப் பூட்டு நெம்பை விடுவித்தே கழற்றுக. கம்பியைப் பிடித்து இழுக்கற்க. புதியது பொருத்தியபின் விவரங்களை எழுதுக. திறப்புகளைப் பதிவு செய்கையில் எல்லாத் திறப்புகளும் கையில் இருத்தல் வேண்டும். புதிய பதிவு பழைய பதிவை அழித்துவிடும் வண்டிகளும் உள. பின்னர் ஒவ்வொரு தொழிலையும் தனித்தனியே இயக்கிப் பார்க்க. இறுதியில் வானைப் பூட்டி, அரைமணி நேரத்திற்குக் குறையாமல் விட்டு, ஓய்விலிருக்கும் வண்டி உண்ணும் மின்னோட்டத்தை அளக்க. 50 மில்லி அம்பியருக்கு மேற்படின் ஏதோவொரு பெட்டி இன்னும் உறங்கவில்லை எனக் கொள்க.

தோழருடைய வானில் அவ்வளவு அதற்குட் பட்டது. அடுத்த பெருமழையன்று மாலை, பிள்ளைகளை வீடுகளில் இறக்கிவிட்டு, அவர் எம் வாயிலில் வானை நிறுத்தி வைப்பரை ஓட்டிக் காட்டிச் சென்றார். கண்ணாடி ஒட்டிய செலவு, முன்னர் வீணான பெட்டியின் விலையினும் மிகச் சிறிது.

வாகனமுடைய பழைய மாணவர்கள், ‘பெட்டி பழுது’ என்னும் சொல்லைக் கேட்டால் பணப்பையைத் திறக்குமுன் மூன்று கேள்விகள் கேட்பாராக: எதனை அளந்து இதைத் துணிந்தீர்? பெட்டி கெட்டதற்குக் காரணம் யாது? அதன் நினைவைப் படியெடுத்தீரா? தொழில் பயிலப் புகும் இளைய மாணவர்களோ, பிறர் கேட்குமுன் இம்மூன்றையும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராக.